அவசரம் அறியாத மாத்திரை

மருமகளே,

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பணி ஆணை வந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். எந்தப் புத்தகத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம் என்று நீ என்னிடம் கேட்கச் சொன்னாயாம். புத்தகங்கள் உனக்கே தெரியும். நான் ஒரே ஒரு மாத்திரையைப் பற்றி எழுதுகிறேன். தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் உன் பேனா அதிகம் எழுதப்போகும் பெயர்களில் ஒன்று அம்லோடிபின். ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் தசை இறுக வேண்டுமானால் அதற்குள் கால்சியம் போக வேண்டும். அந்தப் போக்கை இது குறைக்கிறது. தசை தளர்ந்து, குழாய் விரிந்து, ரத்த அழுத்தம் இறங்குகிறது. கால்சியம் சேனல் பிளாக்கர் எனப்படும் இந்த மருந்துவகைக்கு அடித்தளம் போட்டவர் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன். 1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் வேலைபார்த்த உடலியல் அறிஞர் அவர். இன்றைக்கு அம்லோடிபின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் அரசு மருந்தகங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. விலை குறைந்த, எளிமையான மருந்துதான். ஆனால் அதைக் கொடுக்கிறவருக்கு நிதானம் வேண்டும். அந்த நிதானம் எங்கெங்கே தேவைப்படும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

1. எழுதுவதற்கு முன் ஒழுங்காக அள. பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் வேகமாக நடந்து வந்தவரின் கையில் உடனே பட்டையைச் சுற்றாதே. ஐந்து நிமிடம் உட்காரவை. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும். பாதம் தரையில் பதியட்டும். கை மேசைமேல், நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எண் ஏறும். டீ குடித்துவிட்டு நேராக வந்தாலும் ஏறும். நீ அளக்கும்போது அவர் பேசிக்கொண்டே இருந்தாலும் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினாலும் ஏறும். பெரிய பட்டை உன் நிலையத்தில் இல்லையென்றால் கேட்டு எழுது, கிடைக்கும்வரை கேள். முதல் தடவை இரண்டு கையிலும் பார். 140/90 என்ற எல்லையைத் தொட்டவர்களில் பலர் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடப் போகிறவர்கள். அளவு மிக அதிகமாக இல்லையென்றால் இன்னொரு நாளும் வரச்சொல்லி உறுதிசெய்த பிறகே எழுது. ஒரு முகாமில், வரிசையில் நின்றபடியே பார்த்த ஒற்றை எண்ணை நம்பி ஒரு பள்ளி ஆசிரியருக்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் அவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் என்னிடம் வந்தார். உட்காரவைத்து, வெவ்வேறு நாளில் பார்த்தால் அவருக்குப் பிரஷரே இல்லை.

2. குறைவாகத் தொடங்கு, பிறகு காத்திரு. பெரும்பாலானவர்களுக்குத் தினம் 5 மில்லிகிராம் போதும். உடல் தளர்ந்த முதியவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் 2.5 மில்லிகிராமில் ஆரம்பி. உடம்பில் சேர்ந்த அம்லோடிபின் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் ரத்தத்தில் அதன் அளவு ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சரியாகச் சொல்ல இன்னும் சில வாரம் போக வேண்டும். இதை முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே 'கேக்கலியே' என்று இன்னொரு டாக்டரிடம் போவார். அவரும் ஒன்று சேர்ப்பார். பத்து நாள் கழித்து இரண்டும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும்போது ஆள் எழுந்து நிற்க முடியாமல் படுத்திருப்பார். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த மாத்திரைக்கு அப்படியே பொருந்தும்.

3. பொறுமை வேறு, அலட்சியம் வேறு. ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகும் அளவு 150க்கு மேலேயே நின்றால் அதைச் சும்மா விடாதே. 'கொஞ்சம்தானே கூட இருக்கு, அடுத்த தடவை பார்ப்போம்' என்று ஓ.பி. சீட்டில் அதே மாத்திரையையே வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டு போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் 'கொஞ்சம்' ஒருநாள் வாய் கோணிய முகமாக வந்து நிற்கும். ஒரே மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மாத்திரை ஒன்றைச் சிறிய அளவில் சேர்ப்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும், தொந்தரவும் குறைவு. அம்லோடிபினோடு டெல்மிசார்டான் நன்றாகச் சேரும். சேர்க்கும்போது சிறுநீரக வேலையையும் பொட்டாசியம் அளவையும் பார்த்துக்கொள். கர்ப்பிணிக்கோ, கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கோ டெல்மிசார்டானைக் கொடுக்காதே.

4. எண் ஏறியிருந்தால் மாத்திரையைக் குறை சொல்லும் முன் கேள்வி கேள். சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு வருகிறவர்களில் பலர் அன்றைக்குப் பிரஷர் மாத்திரையையும் போடாமல் வருவார்கள். 'சாப்பிடாம மாத்திரை போடக் கூடாதுல்லா டாக்டரம்மா' என்பார்கள். அம்லோடிபினுக்குச் சாப்பாடு தேவையில்லை. வெறும் வயிற்றிலும் போடலாம். காலையா இரவா என்ற கவலையும் வேண்டாம். 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பிரிட்டனில் 21,000க்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிரஷர் மாத்திரைகளைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் விஷயத்தில் வித்தியாசம் இல்லை என்றே முடிவு வந்தது. மறக்காத நேரம் எதுவோ அதையே அவருக்குச் சொல். ஒரு வேளை மறந்துபோனால் அன்றைக்கே நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. இன்னொன்றையும் கேள்: மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா? வலி மாத்திரைகள் பலவும் அழுத்தத்தை ஏற்றும். நீ அம்லோடிபினைக் கூட்டிக்கொண்டே போவாய், கடைக்காரர் அதைத் தோற்கடித்துக்கொண்டே இருப்பார்.

5. காலைப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதே. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாத்திரையின் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. அம்லோடிபின் சின்னத் தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. மடையை அகலமாகத் திறந்துவிட்டுக் கீழே வாய்க்காலைப் பழைய அகலத்திலேயே விட்டுவைத்தால் தண்ணீர் வரப்பில் கசிவதில்லையா, அதுபோல நுண்குழாய்களில் அழுத்தம் கூடிக் கணுக்காலில் நீர் கசிகிறது. இரண்டு காலிலும் வீங்கும். மாலையில் அதிகமாகும், காலையில் எழுந்தால் குறைந்திருக்கும். 5 மில்லிகிராமில் சிலருக்கு வரும், 10 மில்லிகிராமில் இன்னும் நிறையப் பேருக்கு வரும், பெண்களுக்குக் கூடுதலாக வரும். நாள் முழுக்கப் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தே இருக்கும் உன் ஊர்ப் பெண்களிடம் இதை நீயேதான் கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். 'கால் வீங்குதுன்னு சொன்னா மாத்திரைய நிப்பாட்டிருவீங்களோன்னு சொல்லல' என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். வீக்கத்தைக் கண்டு தானாகவே நிறுத்திவிட்டு, உன்னிடம் சொல்லாமல் இருப்பவர்களோ அவளைவிட அதிகம்.

வீக்கத்தைப் பார்த்ததும் கை பழக்கத்தில் நீர் மாத்திரை எழுதும். எழுதவிடாதே. இது உப்பும் நீரும் உடம்பில் தேங்கி வருகிற வீக்கம் இல்லை. நீர் மாத்திரை அதை அவ்வளவாகக் குறைக்காது. அதற்குப் பதிலாகச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கும், இரவில் நாலு தடவை எழுப்பும். அப்படி எழுந்த ஒரு பாட்டி இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தாள். அவள் மாத்திரைச் சீட்டுகளைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே போனேன். எலும்பு முறிவுக்கு முன்னால் தலைசுற்றல் மாத்திரை, அதற்கு முன்னால் நீர் மாத்திரை, அதற்கு முன்னால் 10 மில்லிகிராம் அம்லோடிபின். கணுக்கால் வீங்கிய அன்றைக்கே அளவைப் பாதியாக்கி டெல்மிசார்டான் சேர்த்திருந்தால் அந்தத் தொடர் அங்கேயே நின்றிருக்கும், ஏனென்றால் டெல்மிசார்டான் சிரைப் பக்கத்தையும் கொஞ்சம் தளர்த்தி வீக்கத்தையும் குறைக்கும். புதிதாக ஒரு தொந்தரவோடு யார் வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: நாம் கொடுத்த மாத்திரையால் வந்ததா?

அதற்காக எல்லா வீக்கத்தையும் மாத்திரையின் தலையில் போட்டுவிடாதே. மூச்சு வாங்குகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா, முகம் வீங்குகிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு கதை, உடனே கவனி. வாயையும் ஒருமுறை திறக்கச் சொல். சிலருக்கு இந்த மாத்திரையால் ஈறு தடித்து வளரும். நோயாளி அதைப் பல் டாக்டரிடம் சொல்வார், உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது.

6. பையைக் கொட்டச் சொல். அவர் கொண்டுவரும் மஞ்சள் பையில் உன் நிலையத்து அட்டையும் இருக்கும், டவுன் டாக்டர் எழுதிய அட்டையும் இருக்கும். டவுன் அட்டையில் டெல்மிசார்டானும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்திருக்கும். அவர் இரண்டையும் போடுவார். அவருக்கு அது சிவப்பு அட்டை, இது வெள்ளை அட்டை, அவ்வளவுதான். எஸ்-அம்லோடிபின் என்று ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதில் 2.5 மில்லிகிராம் என்பது நம் சாதாரண அம்லோடிபின் 5 மில்லிகிராமுக்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து 'குறைவாத்தானே சாப்பிடுறீங்க' என்று கூட்டிவிடாதே.

7. பெரிய எண்ணைக் கண்டு நடுங்காதே. எங்கள் தலைமுறை வேலைக்கு வந்த காலத்தில் 200 என்று பார்த்ததும் நிபெடிபின் காப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவது எல்லா ஆஸ்பத்திரியிலும் வழக்கம். நிமிடங்களில் எண் இறங்கும், உறவினர்கள் கும்பிடுவார்கள். ஆனால் அந்த வேகத்தில் இறங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தமும் குறைந்து, பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1996இல் கட்டுரையே வந்தது. பல வருஷமாக ஏறியே இருந்த அழுத்தத்துக்கு உடம்பு பழகிப்போயிருக்கும். அதை ஒரு மணி நேரத்தில் இறக்க வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அவரிடம் பேச்சுக் கொடு, உட்காரவை, மறுபடி அள, விட்டுப்போன மாத்திரையைத் தொடங்கு, ஓரிரு நாளில் வரச்சொல். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், வலிப்பு, குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடு. அங்கே தாமதம் கூடாது. பக்கவாதம் என்று சந்தேகப்பட்டால் நீயாக அழுத்தத்தை இறக்க முயலாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

8. 'வயசானா பிரஷர் ஏறத்தான் செய்யும்' என்று வீட்டார் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதே. ஐரோப்பாவில் மேல் எண் மட்டும் ஏறியிருந்த, 60 வயது தாண்டிய 4,695 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு இதே வகையைச் சேர்ந்த நிட்ரெண்டிபினை முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1997இல் வெளிவந்த அந்த ஆய்வில் அந்தப் பிரிவினரிடம் பக்கவாதம் 42 சதவீதம் குறைந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் மாத்திரை உண்டு. தாத்தாவை நிற்கவைத்தும் ஒருமுறை அள. எழுந்ததும் அழுத்தம் விழுகிறவருக்கு இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

9. மருந்தின் சொந்தபந்தங்களையும் தெரிந்துவைத்துக்கொள். வெராபமிலும் டில்டியாசெமும் இதே குடும்பம்தான், ஆனால் அவை இதயத் துடிப்பையே குறைக்கும். அட்டெனலால், மெட்டோபிரலால் சாப்பிடுகிறவருக்கு இவற்றையும் சேர்த்தால் நாடி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதயம் பலவீனமானவருக்கும் இவை ஆகாது. கர்ப்பிணிகளுக்கு மெதுவாகக் கரையும் நிபெடிபின் நல்ல மருந்து. நாக்கடியில் பிழிந்து கெட்ட பெயர் வாங்கிய மருந்தே இது. அம்லோடிபினுக்கும் எல்லை உண்டு. 2002இல் வந்த ஆல்ஹாட் என்ற ஆய்வில் 33,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அம்லோடிபின் பழைய நீர் மாத்திரைக்குச் சமமாகவே நின்றது, ஆனால் இதயச் செயலிழப்பு அம்லோடிபின் சாப்பிட்டவர்களுக்கு அதிகமாக வந்தது. எந்த மாத்திரையின் மீதும் பக்தி வைக்காதே.

10. திட்டாதே, கண்ணு. இந்த நோய்க்கு வலி இல்லை, அதனால் மாத்திரையின் பலனையும் அவர்கள் உணர மாட்டார்கள். எண் சரியானதும் 'குணமாயிருச்சு' என்று நிறுத்துவார்கள். திருவிழா வந்தால் விட்டுவிடுவார்கள். கால்சியத்தைத் தடுக்கும் மருந்து என்று யாரோ சொல்ல, எலும்பு உதிர்ந்துபோகும் என்று பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. எலும்புக்கு இதனால் கேடு இல்லை, பாலும் கேழ்வரகும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொன்னாலே அந்தப் பயம் போய்விடும். 'ஒழுங்கா போடுறீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'இந்த மாசம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?' என்று கேட்டுப் பார். மறதி எல்லோருக்கும் உள்ளதுதான் என்று நீ ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும், அவரும் உண்மையைச் சொல்வார். திட்டு வாங்கிய நோயாளி அடுத்த மாதம் வர மாட்டார். வராதவரின் அழுத்தத்தை நீ எப்படி இறக்குவாய்?

11. உப்பைப் பற்றிப் பேச வேண்டியது வீட்டில் சமைக்கிறவரிடம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம், சுமாராக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் எதையும் விட மாட்டார்கள். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று கேள்.

12. உன்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் உன் நிலையத்திலேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதிலிருந்து, மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் பெண்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். எந்த வீட்டு அலமாரியில் பிரிக்காத அட்டை கிடக்கிறது, எந்த வீட்டில் கணவனின் மாத்திரையை மனைவியும் பங்குபோட்டுச் சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறையாவது அவர்களை உட்காரவைத்துப் பேசு. டீ வாங்கிக் கொடு. அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள். உன் ஓ.பி. நோட்டில் 'மருந்து கேட்கவில்லை' என்று எழுதியிருப்பவர்களில் பலர் அந்த மருந்தைச் சாப்பிடவே இல்லை என்பது அப்போது தெரியவரும்.

13. தேடி வராதவர்களைத் தேடு. உலகம் முழுக்க உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு இது. உன் வரிசையில் நிற்பவர்கள் தெரிந்த பாதி. தெரியாத பாதி எங்கே என்று கேட்டால், அதில் நிறையப் பேர் உன் கண் முன்னாலேயே இருக்கிறார்கள். மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டு நிற்கும் கணவன், பேரனின் காய்ச்சலுக்குத் துணை வந்த பாட்டி, மருந்துப் பெட்டியை இறக்கிவைக்க வந்த லாரி டிரைவர். தங்களுக்கு ஒன்றும் இல்லை என்றுதான் இவர்கள் சொல்வார்கள். நீ வேலையில் சேரும் முதல் நாளிலிருந்தே, முப்பது வயது தாண்டிய யார் எதற்காக வந்தாலும் ஒருமுறை அளந்துவிட்டு அனுப்பு. பீடி குடித்தவரை மட்டும் அரை மணி நேரம் காக்கவைத்துவிட்டு அள.